ஹாலோங் குடாவின் மிதக்கும் ஊர்கள்

வீடு கட்ட விரும்புகிறவன் முதலில் நிலம் தேடுவான். காலடி மண் இல்லாதவனுக்கு வீடு இல்லை என்பது உலகம் ஒப்புக்கொண்ட வழக்கு. ஆயினும், வியட்நாம் நாட்டின் வடகீழ்க் கரையில் ஏறக்குறைய இரண்டாயிரம் தீவுகள் கண்ணெதிரே நிற்க, அவற்றின்மேற் குடியேறாது, தலைமுறை தலைமுறையாக நீரின்மேல் வாழ்ந்த மக்கள் இருந்தனர். தீவுகள் அத்தனை இருக்க அவர்கள் நீரைத் தெரிந்தெடுத்தது ஏன்? அவ்விடத்தின் கல்லையும் கடலையும் அறிந்தால் விடை தானே தோன்றும். இரண்டையும் ஒரு பகற்பொழுதிற் படகிலேறிப் பார்த்துவிடலாம்.

ஹனோய் நகரத்திற்குக் கிழக்கே 150 கிலோமீற்றருக்குச் சற்று அப்பால், தொங்கின் குடாவின் ஓரத்தில் அமைந்தது ஹாலோங் குடா. குவாங் நின் மாகாணத்தைச் சேர்ந்த இக்குடா ஏறக்குறைய 1,550 சதுர கிலோமீற்றர் பரப்புடையது. பெரியனவும் சிறியனவுமாக 1,900க்கு மேற்பட்ட தீவுகள் இதனுள் உள்ளன. 'ஹா லோங்' என்னும் சொற்றொடருக்கு 'இறங்கி வரும் பறவைநாகம்' என்பது பொருள். பகைவர் கப்பலேறிப் படையெடுத்து வந்தபோது, விண்ணுலக வேந்தன் ஒரு தாய்ப் பறவைநாகத்தையும் அதன் குட்டிகளையும் துணைக்கு அனுப்பினான் என்றும், அவை உமிழ்ந்த மணிகள் கடலில் வீழ்ந்து மலைகளாக எழுந்து பகைவரின் கப்பல்களை மறித்தன என்றும் அந்நாட்டார் கதை கூறுவர். தாய் இறங்கிய இடம் ஹாலோங். குட்டிகள் தாயைச் சூழ்ந்து நின்ற இடம் அதற்கு வடகிழக்கேயுள்ள பாய் து லோங் குடா. ஹாலோங் குடாவை 1994ஆம் ஆண்டு யுனெஸ்கோ நிறுவனம் அதன் அழகுக்காக உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. 2000ஆம் ஆண்டில் அதன் நிலவியற் சிறப்புக்காகவும் அத்தகுதி வழங்கப்பட்டது. 2023இல் அயலிலுள்ள கட் பா தீவுக் கூட்டமும் அதனோடு இணைக்கப்பட்டது.

துவான் சாவ் துறையிலிருந்து காலையிற் புறப்படும் உல்லாசப் படகுகள் பல நூறு. செம்பழுப்பு நிறப் பாய்களை விரித்து இங்கு ஓடிய மரக்கலங்களின் காலம் கடந்துவிட்டது. இன்று பாய் விரிக்கப்படுமாயின் அது பெரும்பாலும் பார்ப்பவர் கண்ணுக்காகவே. படகைச் செலுத்துவது இயந்திரம். 2012ஆம் ஆண்டில் மாகாண நிருவாகம் இட்ட கட்டளையால், மரத்தின் நிறத்தோடு இருந்த படகுகள் யாவும் வெண்ணிறம் பூண்டன.

துறையைவிட்டு நீங்கும்போது தொலைவில் ஒரு நீண்ட கரும்மதில் தோன்றும். படகு நெருங்க நெருங்க அம்மதில் பிளவுபடும். ஒரு மலை இரண்டாகும், இரண்டு ஐந்தாகும். வழியில்லை என்று தோன்றிய இடத்தில் வாய்க்கால்போல் நீர்வழி ஒன்று திறக்கும். பல தீவுகள் 50 முதல் 100 மீற்றர் வரை நீரிலிருந்து செங்குத்தாக எழுந்தவை. ஓரிடத்தில் இரு பாறைகள் சண்டைக்கு நிற்கும் சேவல்களைப்போல் எதிரெதிரே நிற்கின்றன. மற்றோரிடத்தில் தூபக்கலசத்தை ஒத்த பாறை ஒன்று நீரில் நிற்கின்றது. வியட்நாமின் இரண்டு இலட்சம் டொங் நாணயத்தாளிற் பொறிக்கப்பட்டிருப்பது அதன் உருவமே.

இம்மலைகள் யாவும் சுண்ணக்கல்லால் ஆனவை. ஏறக்குறைய 34 கோடி ஆண்டுகளுக்கும் 25 கோடி ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் இப்பகுதி வெதுவெதுப்பான கடலடியாக இருந்தது. அக்கடலில் வாழ்ந்த உயிர்களின் ஓடுகளும் கூடுகளும் அடுக்கடுக்காகப் படிந்து இறுகிக் கல்லாயின. பின்னர் நிலம் உயர்ந்தது, கல் வெளிப்பட்டது, மழை அதன்மேற் பெய்தது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாகும். சுண்ணக்கல்லை அது சிறிது சிறிதாகக் கரைக்கும். வெடிப்பு வழியே இறங்கிய நீர் வெடிப்பைப் பள்ளமாக்கியது, பள்ளத்தைப் பள்ளத்தாக்காக்கியது, இடையில் எஞ்சிய கல் தூணாகவும் கோபுரமாகவும் நின்றது. இவ்வுருக்கள் அமைய இரண்டு கோடி ஆண்டுகள் சென்றன என்பர் நிலவியலார்.

கடல் இங்கு வந்தது மிகப் பிந்தியே. சுமார் 20,000 ஆண்டுகளுக்கு முன்னர், உலகின் நீரில் ஒரு பகுதி பனியாக உறைந்திருந்தபோது, கடல்மட்டம் இன்றைக்கு 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. அப்பொழுது ஹாலோங் குடா வெறும் சமவெளி. கோபுர மலைகள் அதன்மேல் நின்றன. பனி உருகக் கடல் ஏறியது. ஏறக்குறைய 7,000 ஆண்டுகளுக்கு முன்னர் அது சமவெளியை மூடி மலைகளைத் தீவுகளாக்கியது. ஆகவே, இங்குள்ள தீவு ஒவ்வொன்றும் மூழ்கிய நாட்டின் மலையுச்சி. நீர்மட்டத்தில் தீவுகளைச் சுற்றி அரிவாளால் அரிந்ததுபோல் ஓர் உட்குழிவு காணப்படும். அது கடல் இன்றும் கல்லை அரித்துக்கொண்டிருப்பதன் அடையாளம். சில பாறைகள் அடி மெலிந்து, தலை பருத்துக் காளான்போல் நிற்பதும் அதனாலேயே.

கல்லை நீர் கரைக்கும் என்பது யாழ்ப்பாணத்தாருக்குப் புதிய செய்தியன்று. குடாநாட்டின் நிலமும் சுண்ணக்கல்லே. வயதில் ஹாலோங் கல்லைவிட அது மிக இளையது. கல்லினூடே மழை கீழிறங்கிவிடுவதாலேயே அங்கு ஆறு ஓடுவதில்லை. நிலவரைக் கிணறும், கடலோரத்தில் நன்னீர் சுரக்கும் கீரிமலைக் கேணியும் நிலத்தின்கீழ் ஓடும் அந்நீரின் வெளிப்பாடுகளே. யாழ்ப்பாணத்திற் கண்ணுக்குத் தெரியாது நிலத்தடியில் நடக்கும் வேலை, ஹாலோங்கில் மலையளவாக நிமிர்ந்து நிற்கின்றது.

முற்பகலிற் படகுகள் பெரும்பாலும் போ ஹோன் தீவை அடையும். அதன் வயிற்றிலே சுங் சொட் என்னும் பெருங்குகை இருக்கின்றது. 1901ஆம் ஆண்டில் இதனைக் கண்ட பிரான்சியர் 'வியப்புக் குகை' என்று பெயரிட்டனர். நீர்மட்டத்திலிருந்து பல படிகள் ஏறி உட்புகுந்தால், முதலிற் சிறியதொரு மண்டபம். அதனைக் கடந்ததும் ஆயிரக்கணக்கானோர் கூடத்தக்க மற்றொரு மண்டபம். மேலிருந்து ஆலம் விழுதுபோல் தொங்கும் கற்களும், கீழிருந்து புற்றுப்போல் எழும் கற்களும் எங்கும் உள்ளன. கல்லைக் கரைத்த நீரே துளித்துளியாகச் சொட்டி, தான் சுமந்துவந்த சுண்ணத்தை இங்கே இறக்கிவைக்கின்றது.

அதே தீவின் மற்றொரு பக்கத்திலே லுவோன் குகை உள்ளது. உண்மையில் அது குகையன்று. மலையின் அடியிற் குடைந்த ஒரு நீர்வாயில். பெரிய படகு வெளியே நிற்க, துடுப்பால் தள்ளும் சிறு மூங்கிற் படகிலேறி உட்செல்ல வேண்டும். அப்பால் நாற்புறமும் மலைச்சுவர் சூழ்ந்த ஒரு நீர்நிலை. அலையில்லை, காற்றின் ஓசையும் குறைவு. பாறைச்சரிவிற் குரங்குகள் இறங்கி வருகின்றன. நீர் பெருகும் வேளையில் அவ்வாயில் தாழ்ந்தும், வற்றும் வேளையில் உயர்ந்தும் தோன்றும்.

இந்த வற்றுப்பெருக்கு தனியே சொல்லத்தக்கது. உலகின் பெரும்பாலான கரைகளில் கடல் ஒரு நாளிலே இருமுறை பெருகி இருமுறை வற்றும். தொங்கின் குடாவிலோ ஒரே பெருக்கு, ஒரே வற்று. பெருக்குக்கும் வற்றுக்கும் இடையிலுள்ள உயர வேறுபாடு சில நாட்களில் மூன்றரை மீற்றருக்கும் மேலாகும். சந்திரன் நிலநடுக்கோட்டுக்கு நேரே வரும் நாட்களிலோ நீர் ஏறக்குறைய அசையாது நிற்கும். இவ்விந்தையைப் பற்றி தொங்கினிலிருந்து கிடைத்த குறிப்புகளை ஆங்கில வானியலார் எட்மண்ட் ஹேலி 1684இல் வெளியிட்டார். 1687இல் வெளிவந்த தமது 'பிரின்சிப்பியா' நூலில் ஐசக் நியூற்றன் இதற்குக் காரணம் காண முயன்றார். வெவ்வேறு வழிகளால் வரும் இரு பெருக்குகள் ஆறுமணி வேறுபாட்டில் ஒன்றையொன்று அழிக்கின்றன என்பது அவர் கருத்து. குடாவின் வடிவமும் ஆழமும் நாளுக்கொருமுறை எழும் அசைவுக்கே இசைவாக அமைந்துள்ளன என்பது பிற்கால விளக்கம்.

அறிஞர் காரணம் காண்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே, அந்நாட்டார் இவ்வற்றுப்பெருக்கைப் படைக்கலமாகக் கொண்டனர். குடாவுக்குத் தென்மேற்கே கடலோடு கலக்கும் பாக் தாங் ஆற்றின் அடியிற் கூர்மரங்களை நாட்டி, நீர் பெருகியபோது பகைவரின் கப்பல்களை உள்ளே இழுத்து, நீர் வற்றியபோது அவை மரங்களிற் குத்துண்டு நிற்கச் செய்தனர். 938ஆம் ஆண்டில் ஙோ குவியன் தென்ஹான் சீனரை வென்றதும், 1288ஆம் ஆண்டில் திரான் ஹுங் தாவோ மங்கோலியக் கடற்படையை அழித்ததும் இவ்வுபாயத்தாலேயே. 1288ஆம் ஆண்டுப் போரில் எஞ்சிய மரங்கள் இக்குடாவிலுள்ள ஒரு குகையில் வைக்கப்பட்டன என்பது செவிவழிச் செய்தி. அதனால் அது 'மரக்கட்டைக் குகை' எனப் பொருள்படும் தவ் கோ என்னும் பெயரைப் பெற்றது.

நண்பகலுக்குப் பின் படகுகள் தி தொப் என்னும் சிறு தீவிலே தங்கும். புவியை வலம்வந்த இரண்டாவது மனிதரான சோவியத் விண்வெளி வீரர் கேர்மன் தித்தோவ் 1962ஆம் ஆண்டில் ஹோ சி மின் அவர்களுடன் இங்கு வந்தார். அவர் பெயரே தீவுக்கு இடப்பட்டது. 400க்கு மேற்பட்ட படிகள் ஏறி உச்சியிற் சென்று நோக்குவோருக்குக் குடாவின் அமைப்பு தெளிவாகும். தொடக்கத்தில் எழுந்த வினாவுக்குரிய விடையும் அங்கிருந்தே விளங்கும்.

தீவுகள் செங்குத்தானவை, வீடமைக்கச் சமதரை அரிது. கல்லின்மேல் மண் மெல்லிய படலமாகவே உள்ளது. பயிர் செய்ய இயலாது. பெய்த மழை வெடிப்புகளில் மறைந்துவிடுவதாற் குடிநீர் தங்குவதில்லை. எனவே, தீவு குடியேற்கவில்லை. ஆனால், அதே தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்று வெளிக்கடலின் அலையைத் தடுத்துவிடுகின்றன. அவற்றினிடையே உள்ள நீர் குளம்போல் அமைதியானது. மீனும் இறாலும் கணவாயும் மலிந்தது. இவ்வாறு கல் தன்மேல் இடம் மறுத்து, தன் நிழலில் இடம் தந்தது. நீரிலே கால்நாட்டி வீடு கட்டலாமே எனின், மூன்றரை மீற்றர் ஏறி இறங்கும் கடலில் அது பொருந்தாது. பெருக்கோடு ஏறி வற்றோடு இறங்கும் வீடே அங்கு வசதியானது. ஆதலின் வீடு மிதந்தது.

முற்காலத்திற் படகே வீடாயிருந்தது. பிறப்பும் திருமணமும் முதுமையும் அதிலேயே கழிந்தன. மணவிழாக்களிற் படகுக்குப் படகு மாறிமாறிப் பாடும் பாட்டுகளும் அவர்களிடையே வழங்கின. பின்னர் மிதவைகளின்மேல் பலகை வீடுகள் எழுந்தன. வெற்றுத் தகரப் பீப்பாய்களும் ரெஜிபோம் கட்டிகளும் அடியில் இருந்து வீட்டைத் தாங்கின. வீட்டின் முன் திண்ணை; திண்ணையின் கீழே வலைக்கூண்டுகளில் மீன் வளர்ப்பு; காவலுக்கு ஒரு நாய். குடிநீரும் அரிசியும் கரையிலிருந்து படகில் வந்தன. குவா வான், வுங் வியெங், பா ஹாங், கொங் தாம் என்பன அவ்வூர்களுட் சில. இவற்றுட் பெரியது குவா வான். அங்கு ஏறக்குறைய 700 பேர் வாழ்ந்தனர். மலைகள் மூன்று பக்கமும் சூழ்ந்த ஒதுக்குகளிலேயே இவ்வூர்கள் அமைந்தன. சூறாவளிக்கு ஒதுங்க அதனிலும் நல்ல இடம் கிடையாது.

அவ்வூர்களுக்குப் பாடசாலையும் இருந்தது. வகுப்பறையும் மிதந்தது. ஆசிரியர்கள் கரையிலிருந்து சென்று அங்கேயே தங்கிக் கற்பித்தனர். பிள்ளைகள் தாமே துடுப்புவலித்து வந்தனர். ஆறு வயதுப் பிள்ளை படகு செலுத்தும். ஆனால், அதன் பாட்டனாரும் பாட்டியாரும் தம் பெயரை எழுத அறியாதவராக இருந்த வீடுகள் பல. ஆரம்ப வகுப்புகளுக்குமேற் கற்க விரும்பிய பிள்ளை பெற்றோரைப் பிரிந்து கரைக்குச் செல்ல வேண்டியிருந்தது. மீன் படும் நாட்களில் வகுப்பில் இடங்கள் வெறுமையாவதும் உண்டு. நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லப் பல மணிநேரப் படகோட்டம் வேண்டும்.

இக்காரணங்களைக் காட்டியும், குடாவின் நீர் மாசடைவதைத் தடுக்க வேண்டும் என்றும், 2014ஆம் ஆண்டில் மாகாண நிருவாகம் 300க்கு மேற்பட்ட குடும்பங்களை நீரிலிருந்து கரையேற்றியது. அப்போதைய ஹாலோங் நகரத்தின் ஹா பொங் பகுதியில் அவர்களுக்கென வீடுகள் கட்டப்பட்டன. அண்மையிலேயே பாடசாலையும் அமைந்தது. மின்சாரம் வந்தது, குழாய்நீர் வந்தது, சூறாவளி நாளில் இரவு முழுதும் விழித்திருக்கும் அச்சம் நீங்கியது.

அரசாங்கம் செய்தது நன்றா, தீதா என்று ஒரு சொல்லிற் கூறுவது எளிதன்று. கரையேறிய பிள்ளைகள் நாள்தோறும் பாடசாலை செல்கின்றனர். அந்நன்மையை எவரும் மறுக்கமாட்டார். ஆனால், அவர்களின் தந்தையார் அறிந்த தொழில் ஒன்றே. எந்தப் பாறையின் அடியில் எந்த மாதத்தில் எந்த மீன் சேரும், எந்த வாயிலிற் பெருக்குநீர் எவ்வேகத்தில் ஓடும் என்பன அவர் கற்ற கல்வி. அக்கல்விக்குக் கரையிலே விலையில்லை. வீடு கிடைத்தது, வீட்டை நடத்தும் வருவாய் உடனே கிடைக்கவில்லை. ஆகவே, கரையில் வீட்டை வைத்துக்கொண்டு பிழைப்புக்காக மீண்டும் குடாவுக்கே திரும்பியவர் பலர். இன்று குவா வானிலும் வுங் வியெங்கிலும் மூங்கிற் படகிற் பயணிகளை ஏற்றித் துடுப்புவலிக்கும் மகளிருட் பலர் அந்நீரிலேயே பிறந்தவர்கள். தாம் வாழ்ந்த ஊரைப் பிறருக்குச் சுற்றிக்காட்டுவது இப்போது அவர்கள் தொழிலாயிற்று. எஞ்சிய சில மிதவை வீடுகள் காட்சிக்கெனப் பேணப்படுகின்றன. தி தொப் தீவைச் சுற்றும் ஒருநாட் படகுகள் அவ்வளவு தூரம் செல்வதில்லை. அவ்வூர்களைக் காண விரும்புவோர் அதற்கென வேறு வழிப்படகை நாட வேண்டும்.

குடா மாசடைவதற்கு மிதந்த ஊர்கள் மட்டுமே காரணம் என்று எண்ணுவதும் நீதியாகாது. பிரான்சியர் ஆட்சிக்காலந்தொட்டு அகழப்பட்டுவரும் ஹொன் காய் நிலக்கரி, கரையில் உயர்ந்துவரும் விடுதிகள், நாள்தோறும் ஓடும் நூற்றுக்கணக்கான படகுகள் ஆகிய யாவும் அதே நீரையே பயன்படுத்துகின்றன. மக்களைக் கரையேற்றிய பின்னரும் மிதக்கும் குப்பையை அள்ளுவதற்கு ஆட்களை அமர்த்த வேண்டியிருக்கின்றது. மிதவைகளிலிருந்து உதிர்ந்த ரெஜிபோம் துணுக்குகள் அதிற் பெரும்பங்கு. அதனால் மீன்வளர்ப்போர் உறுதியான வேறு மிதவைகளைப் பயன்படுத்த வேண்டும் என்று விதிக்கப்பட்டது.

நீரில் வாழ்வதன் ஆபத்தையும் மறத்தல் ஆகாது. 2024ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 7ஆம் நாள் யாகி என்னும் பெருஞ்சூறாவளி இக்கரையைத் தாக்கியது. துறையில் நின்ற படகுகள் பல மூழ்கின. மீன்வளர்ப்புக் கூண்டுகளும் மிதவைகளும் அடித்துச் செல்லப்பட்டன. குவா வான் மக்கள் அந்நாளில் மிதவை வீடுகளிலேயே இருந்திருப்பின் என்ன நேர்ந்திருக்கும் என்று எண்ணுவோர், 2014ஆம் ஆண்டின் முடிவை எளிதிற் பழிக்கமாட்டார். மறு ஆண்டு, 2025 யூலை 19ஆம் நாள் பிற்பகலில், திடீரென எழுந்த புயற்காற்றில் உல்லாசப் படகு ஒன்று கவிழ்ந்து முப்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். குளம்போல் அமைதியாகத் தோன்றும் நீரும் கடலே என்பதை அக்குடாவின் பழங்குடிகள் நன்கறிவர். பகற்பொழுதுக்கு வந்துபோவோர் அறிவதில்லை. வானிலை அறிக்கையைக் கேளாது படகேறுதலும், உயிர்காப்பு அங்கியைச் சுமையென்று கழற்றி வைத்தலும் அறியாமையின் பாற்பட்டவை.

பிற்பகற் சாய, படகுகள் துறைக்குத் திரும்பும். மலைகள் முதலிற் பசுமையும், பின்னர் நீலமும், இறுதியிற் கருமையுமாக நிறம் மாறும். காலையில் இவ்வழி சென்ற பயணி இம்மலைகளை அழகிய காட்சி என்று மட்டுமே கண்டிருப்பான். மாலையில் அவனுக்கு வேறும் சில தெரிந்திருக்க வேண்டும். இக்கற்களைச் செதுக்கியது மழை, தீவுகளாக்கியது கடல், இவற்றின் நிழலில் ஊர் அமைத்து, ஒவ்வொரு பாறைக்கும் ஒரு பெயரிட்டு வழங்கியவர் மீன்பிடி மக்கள். உலக மரபுரிமை என்று கல்லையும் நீரையும் காக்கும் அரசுகள், அப்பெயர்களையும் நீர்வழிகளையும் பற்றிய அம்மக்களின் அறிவையும் எழுதிவைத்தல் வேண்டும். நீரிற் பிறந்த முதியோர் உயிரோடிருக்கும்போதே அதனைச் செய்தல் வேண்டும். கரையில் எழுந்த புதிய பாடசாலைகளிற் பாட்டனாரிடம் கேட்டு எழுதிவரும்படி பிள்ளைகளைப் பணித்தாலே அவ்வேலை தொடங்கிவிடும்.